பீர் வெள்ளத்தில் செத்தவர்கள்
கலைக்களஞ்சியங்கள், விநோதங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

சிரிப்பிலிருந்து தொடங்கலாம். 1966 இல் வெளிவந்த 'சொற்களும் பொருட்களும்' நூலின் முன்னுரையில், அந்த நூலே போர்ஹேயை வாசித்தபோது தனக்கு வந்த ஒரு சிரிப்பிலிருந்து பிறந்ததாக ஃபூக்கோ சொல்கிறார். ஏதோ ஒரு சீனக் கலைக்களஞ்சியம் விலங்குகளை வகை பிரித்திருக்கும் விதம் என்று போர்ஹே 1942 இல் ஒரு கட்டுரையில் விளையாட்டாகத் தந்த பட்டியல்தான் அந்தச் சிரிப்புக்குக் காரணம். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இது சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. ஆனால் சொல்லும்போது நாம் வழக்கமாக விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அந்தச் சிரிப்போடு ஒரு சங்கடமும் இருந்தது என்பதையும் ஃபூக்கோ சேர்த்தே சொல்கிறார். சிரிக்கிறவனுடைய காலுக்கடியிலும் மண் கொஞ்சம் சரிகிறது.

இன்றைக்கு அந்தச் சிரிப்பு இலவசமாகக் கிடைக்கிறது, சங்கடத்தைக் கழித்துவிட்டு. ராத்திரி பதினோரு மணிக்கு ஏதோ ஒரு வருஷத்தைச் சரிபார்க்க இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறக்கிறோம். அது ஒன்றை இழுக்க, அந்த ஒன்று இன்னொன்றை இழுக்க, விடியற்காலை இரண்டு மணிக்கு 1932 இல் ஆஸ்திரேலிய ராணுவம் ஈமு கோழிகள் மேல் இயந்திரத் துப்பாக்கியோடு போர் தொடுத்துத் தோற்ற கதையில் வந்து நிற்கிறோம். கழிப்பறைத் தாளின் முனை சுவர்ப்பக்கமாகத் தொங்க வேண்டுமா, நம் பக்கமாகத் தொங்க வேண்டுமா என்பதற்கு அடிக்குறிப்புகளோடு ஒரு முழுநீளக் கட்டுரை இருக்கிறது. மறுநாள் நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கிறோம். 'அப்படியா, நிஜமாவா?' என்று அவர்கள் கேட்கும்போது ஒரு பெருமை.

ஆங்கில விக்கிப்பீடியாவே இம்மாதிரி 'அசாதாரணமான' கட்டுரைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது அது வைக்கப்பட்டிருக்கும் இடம். களஞ்சியத்தின் கட்டுரைகள் இருக்கும் பகுதியில் அது இல்லை. தொகுப்பாளர்கள் விதிகளையும் சச்சரவுகளையும் வைத்துக்கொள்ளும் பின்கட்டில் இருக்கிறது. கட்டுரைகள் முன்கூடத்தில், 'இவை விநோதமானவை' என்கிற தீர்ப்பு மட்டும் கொல்லைப்புறத்தில். காரணம் எளிது. 'விநோதம்' என்பது ஒரு பொருளின் குணமல்ல. பார்க்கிறவர் நிற்கும் இடம் அது. நடுநிலை பேசுகிற ஒரு பிரதி, தான் ஓர் இடத்தில் நின்றுதான் பார்க்கிறது என்பதை முன்கூடத்தில் ஒத்துக்கொள்ள முடியாது.

2

நமக்குக் கலைக்களஞ்சியம் என்றால் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' (1910) தான் முதலில் நினைவுக்கு வரும். முனிவர், அரசர், புலவர், மூலிகை, நோய், சாதி, சடங்கு எல்லாமே அகரவரிசையில் ஒரே குரலில் வரிசை கட்டி நிற்கும். இது நடந்தது, இது புராணம், இது விநோதம் என்று பலகை நட்டுப் பிரிப்பது அங்கே கிடையாது. இன்றைய வாசகருக்கோ பக்கத்துக்குப் பக்கம் விநோதம். அவருடைய காலத்து வாசகருக்கு அப்படி இல்லை. இடைப்பட்ட காலத்தில் பிரதி மாறவில்லை, நாம் நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

பிரெஞ்சுக் கலைக்களஞ்சியக்காரர்கள் இந்த விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். தீதரோவும் தலம்பேரும் தொகுத்த களஞ்சியத்தின் முதல் தொகுதி 1751 இல் வந்தது. அதில் மனித மாமிசம் தின்பவர்கள் பற்றிய பதிவின் முடிவில், வேறு எந்தப் பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு: நற்கருணை, திருவிருந்து, பலிபீடம். அவ்வளவுதான். விளக்கம் ஏதும் கிடையாது. தூரதேசத்துக் காட்டுமிராண்டிகளைப் பற்றி வாய்பிளந்து படித்துக்கொண்டிருந்த பாரிஸ் வாசகரை, அவர் ஞாயிற்றுக்கிழமை மண்டியிடுகிற இடத்துக்கே அந்தக் குறிப்பு கூட்டிப் போய்விடுகிறது. விநோதம் அங்கே இருக்கிறது என்று நினைத்தவருக்கு அது தன் வீட்டிலேயே இருப்பது தெரிகிறது. 1759 இல் அந்தக் களஞ்சியத்தின் அச்சு உரிமை ரத்து செய்யப்பட்டது என்றால் சும்மா இல்லை.

ஆக, விநோதத்தை இரண்டு விதமாகக் கையாளலாம். பழகியதை விநோதமாக்கிக் காட்டுவது ஒன்று. விநோதத்தைத் தனியாகக் கத்தரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மற்றதெல்லாம் சகஜம் என்று நிம்மதியடைவது இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கு நாம் செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது காரியம். இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

3

விநோதங்களைத் தொகுப்பவர்கள் விடாமல் எடுத்துப் போடுகிற ஒன்று 1814 இல் நடந்த லண்டன் பீர் வெள்ளம். பெயரைக் கேட்டதுமே சிரிப்பு வந்துவிடும். பீர்... வெள்ளம்... அதில் மூழ்கிச் செத்தார்களாம்!

நடந்தது இது. 1814 அக்டோபர் 17. லண்டனில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலை முனையில் மியூ கம்பெனியின் குதிரைலாட பீர் ஆலை. அங்கே 22 அடி உயரமுள்ள ஒரு மரத்தொட்டி, அதைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டைகள். பிற்பகல் நாலரை மணிவாக்கில் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பட்டை நழுவி விழுகிறது. கிடங்குக் குமாஸ்தா பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் சொல்கிறார். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி நழுவுவதுதான், ஒன்றும் ஆகாது, பிறகு சரிசெய்ய ஒரு சீட்டு எழுதி வை என்று பதில். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டி வெடிக்கிறது. அதன் வேகத்தில் மற்றத் தொட்டிகளும் உடைய, ஒரு லட்சம் காலனுக்கு மேல் பீர் பின்சுவரை இடித்துக்கொண்டு வெளியே பாய்கிறது.

பின்சுவருக்கு அந்தப்பக்கம் செயின்ட் கைல்ஸ் சேரி. ஏழைகளும் ஐரிஷ்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். நிலவறைகளில் குடியிருப்பு. ஒரு வீட்டின் நிலவறையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்துபோய், சாவுக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஐந்து பேர் அங்கேயே போய்விட்டார்கள். இன்னொரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த தாயும் நாலு வயது மகளும் அடித்துச் செல்லப்பட, மகள் இறந்துபோகிறாள். மொத்தம் எட்டு பேர். மரண விசாரணையில், தற்செயலாக, விபத்தாக, துரதிருஷ்டவசமாக இறந்தார்கள் என்று தீர்ப்பு. ஆலைக்கு, கொட்டிப்போன பீருக்குச் செலுத்தியிருந்த கலால் வரி 7,000 பவுண்டுக்கு மேல் திரும்பக் கிடைத்தது. செத்தவர்களின் சவப்பெட்டிகளை ஒரு மதுக்கடை முற்றத்தில் கிடத்தி, பார்க்க வந்தவர்களிடம் சில்லறை வசூலித்து அடக்கம் செய்தார்கள். உடைந்த தொட்டிகளைப் பார்க்க வந்த கூட்டத்திடம் ஆலைக் காவலர்கள் தனியாகக் காசு வாங்கிக்கொண்டார்கள். விநோதப் பட்டியல் அன்றைக்கே தொடங்கிவிட்டது, கட்டணத்தோடு.

இதே கதை அமெரிக்காவிலும் உண்டு. 1919 ஜனவரி 15, பாஸ்டன் நகரின் வடமுனை. இத்தாலியக் குடியேறிகளின் வாழிடம். சர்க்கரைக் கழிவான மொலாசஸ் பாகு நிரப்பிய 50 அடி உயரத் தொட்டி உடைந்து 21 பேர் செத்தார்கள், 150 பேருக்குக் காயம். தொட்டி கட்டிய நாளிலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகல் கண்ணுக்குத் தெரியாமலிருக்கக் கம்பெனி அதற்குப் பழுப்புச் சாயம் பூசியது. வழக்கு வந்ததும், அராஜகவாதிகள் வைத்த குண்டு என்றது. பல வருஷம் இழுத்த பிறகுதான் கம்பெனியே பொறுப்பு என்று முடிவாயிற்று.

இரண்டிலும் கொன்றது பீரோ பாகோ அல்ல. பழுதென்று தெரிந்தும் 'ஒன்றும் ஆகாது' என்று விட்ட முதலாளிகளும், அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் யார் வாழ்கிறார்கள் என்பதும்தான். தண்ணீர்த்தொட்டி உடைந்திருந்தால் அதைத் தொழிற்சாலை விபத்து என்போம். உள்ளே இருந்தது பீர் என்பதால் அது விநோதம். இப்படி ஒரு பெயர்ச்சொல்லின் இனிப்பில் எட்டுச் சாவுகள் காணாமல் போகின்றன. 'விநோதம்' என்ற வகைப்பாடு இங்கே செய்வது இதைத்தான்: காரணத்தைக் கழற்றிவிட்டுக் காட்சியை மட்டும் நிறுத்துகிறது.

4

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. என்னை இக்கட்டுரை எழுத வைத்தது அதுதான்.

பீர் வெள்ளம் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டபோது கூடவே கேட்டது, ஜனங்கள் தெருவில் இறங்கிப் பானைகளிலும் சட்டிகளிலும் பீரை அள்ளிக் குடித்தார்கள், கூட்டம் போதையில் ரகளை செய்தது, அளவுமீறிக் குடித்தே ஒருவர் செத்தார் என்பதெல்லாம். பல புத்தகங்களில் இது இருக்கிறது. பீரின் வரலாறு எழுதுகிறவர்கள் அன்றைய நாளிதழ்களைத் தோண்டிப் பார்த்தபோது இப்படி எந்தச் செய்தியும் அங்கே இல்லை. கூட்டம் அமைதியாக இருந்தது என்றும், இடிபாட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்கிறதா என்று கவனிப்பதற்காக எல்லோரும் சத்தம் போடாமல் நின்றார்கள் என்றும்தான் தெரியவருகிறது. குடியும் ரகளையும் பிற்காலத்துக்காரர்கள் ஒட்டவைத்தவை.

இப்போது கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். இந்தக் கதையில் நம்பமுடியாத பகுதி எது? தெருவில் பீர் வெள்ளமாக ஓடியது. அது உண்மை. நம்பும்படியான பகுதி எது? ஓசியில் கிடைத்தால் ஏழை ஐரிஷ்காரன் விழுந்து குடிப்பான் என்பது. அதுதான் பொய். நாம் 'நிஜமாவா?' என்று கேட்டது உண்மையைப் பார்த்து. பொய்யைப் பார்த்து 'ஆமாம், பின்னே குடிக்காமலா இருப்பான்' என்று தலையாட்டினோம்.

விநோதமானதைச் சோதிக்கிறோம். பழகியதைச் சோதிப்பதில்லை. நமக்குள் ஏற்கெனவே இருக்கிற முன்முடிவுக்கு ஒத்துப்போவதால்தான் ஒன்று 'பழகியது' ஆகிறது. இணையக் கலைக்களஞ்சியங்களில் பிடிபட்ட பெரிய மோசடிகளை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும்.

5

2007 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பிச்சோலிம் மோதல்' என்றொரு கட்டுரை வந்தது. 1640-41 இல் கோவாவின் போர்த்துகீசியர்களுக்கும் மராத்தியப் பேரரசுக்கும் நடந்த போர். காரணங்கள், படைநகர்வு, சமாதான உடன்படிக்கை, நூல் மேற்கோள்கள் எல்லாம் கச்சிதம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தகுதி கிடைத்தது. 2012 டிசம்பரில் நீக்கப்பட்டது. ஏனென்றால் அப்படியொரு போரே நடக்கவில்லை. பிச்சோலிம் என்ற ஊர் இருக்கிறது, அவ்வளவுதான். 1640 இல் சிவாஜி சிறுவன். அவர் முடிசூடியது 1674 இல். இல்லாத பேரரசு போர் செய்ததை ஐந்து வருஷம் யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? அதில் விநோதமாக ஏதும் இல்லையே. சிற்றூர், சிறு சண்டை, ஓர் ஒப்பந்தம். காலனிய வரலாறு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் மூளையில் பதிந்திருக்கும் அச்சில் அது வார்த்ததுபோலப் பொருந்தியது. பொய்யைக் காப்பாற்றியது அதன் சலிப்பூட்டும் தன்மை.

சீன விக்கிப்பீடியாவில் நடந்தது இதைவிடப் பெரிது. ஒரு பெண் சுமார் பத்து வருஷமாக இடைக்கால ரஷ்யாவைப் பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில், இல்லாத போர்களையும் இல்லாத வெள்ளிச் சுரங்கத்தையும் உண்மையான பெயர்களோடு பின்னி ஒரு முழுச் சரித்திரத்தையே எழுதிக்கொண்டிருந்தார். தன்னை ரஷ்ய வரலாறு படித்த அறிஞராகக் காட்டிக்கொண்டார். தன் நாவலுக்குத் தகவல் தேடிய ஒருவர் அந்தச் சுரங்கத்தைத் துருவப்போய் 2022 இல் எல்லாம் வெளிவந்தது. அப்போது அவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்திலிருந்து, அவர் பள்ளிப்படிப்போடு நின்ற ஒரு இல்லத்தரசி, ரஷ்ய மொழி தெரியாதவர், மொழிபெயர்ப்புக் கருவியில் புரியாமல் விட்டுப்போன இடங்களைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கியவர் என்பது தெரிந்தது. போர்ஹே 1940 இல் கற்பனை செய்த, இல்லாத உலகமொன்றின் களஞ்சியத்தைத் தயாரிக்க ஒரு ரகசியச் சங்கமே தேவைப்பட்டது. இங்கே ஒரு வீட்டில் ஒருத்தி போதும். மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் தன் பெயரில் இதை ஒரு நாவலாக எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்ற கேள்வியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. யாருடைய குரலுமற்ற அந்தக் களஞ்சியக் குரலைப் போர்த்திக்கொண்ட பிறகுதான் அவர் பேச்சு எடுபட்டது.

அச்சுக் களஞ்சியங்களும் யோக்கியமல்ல. 1975 இன் நியூ கொலம்பியா கலைக்களஞ்சியத்தில் லிலியன் வர்ஜீனியா மவுண்ட்வீசல் என்ற புகைப்படக்காரருக்கு ஒரு பதிவு உண்டு. கிராமத்துத் தபால்பெட்டிகளைப் படமெடுத்தவர், எரியும் பொருட்கள் பற்றிய ஒரு பத்திரிகைக்காகப் போனபோது வெடித்துச் செத்தவர். இப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. திருடி அச்சடிப்பவர்களைப் பிடிக்க வைத்த பொறி என்று சொல்லப்படுகிறது. பொறி வைத்தவர்கள் அதில் ஒரு சிரிப்பையும் வைத்தார்கள், அதனால் கண்டுபிடிக்க முடிந்தது. சிரிப்பு இல்லாத பொறியில் நாமே மாட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்று சிறியது, ஆனால் பொறிமுறையைத் துல்லியமாகக் காட்டுவது. கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்கின் கட்டுரையில், அதற்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயருண்டு என 2008 இல் ஒரு அமெரிக்க மாணவர் விளையாட்டாகச் சேர்த்தார். பிரிட்டிஷ் நாளிதழ்கள் அதை எடுத்தாண்டன. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் நூலிலும் ஏறியது. பிறகு அந்த நாளிதழே களஞ்சியத்தில் சான்றாக வந்து உட்கார்ந்தது. 2014 இல் விஷயம் வெளிவந்தபோது, அந்தப் பெயர் ஒருவகையில் உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. இந்தச் சுழற்சிக்கு ராண்டல் மன்ரோ என்ற கார்ட்டூன்காரர் 2011 லேயே ஒரு பெயர் வைத்திருந்தார். தமிழில் 'மேற்கோள்வழிப் பிறப்பு' எனலாம். பாம்பு தன் வாலையே சான்றாகக் காட்டுகிறது.

6

பொய் இப்படி உள்ளே வருகிறது என்றால், உண்மை எப்படி வெளியே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2018 மே மாதம் டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற கனடிய இயற்பியலாளரைப் பற்றி ஒருவர் எழுதித் தந்த வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு. இயற்பியலில் அதைப் பெற்ற மூன்றாவது பெண். நோபல் கிடைத்ததால் இந்த அபத்தம் நம் கண்ணில் பட்டது. கிடைக்காதவர்களின் கதை யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதற்கும் கீழே இன்னொரு தளம் உண்டு. அச்சேறாத அறிவு. ஒரு கிராமத்துச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக விளையாடுகிற விளையாட்டு, ஒரு கிழவிக்குத் தெரிந்த சமையல் பக்குவம், ஒரு சாமியாட்டம். கோடிக்கணக்கானவர்களுக்குத் தெரியும், ஆனால் புத்தகத்தில் இல்லை. 2011 இல் அசல் பிரபாலாவும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களிடம் ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாக வைக்கலாம் என்று முயன்றார்கள். 'மக்களே அறிவு' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு படமும் எடுத்தார்கள். வாய்மொழியை எப்படிச் சரிபார்ப்பது என்ற ஆட்சேபம் உடனே வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் பிச்சோலிம் போருக்கு மேற்கோள் இருந்ததே, அதை எப்படிச் சரிபார்த்தீர்கள்? அச்சின் சாயல் இருந்தால் போதும், அச்சே தேவையில்லை என்பதுதானே நடைமுறை!

ஆக இந்த ஒழுங்கில், இல்லாத போருக்கு இடமிருக்கிறது. இருக்கிற விளையாட்டுக்கு இல்லை. நான் பார்த்தவரையில் கலைக்களஞ்சியத்தின் ஆகப்பெரிய விநோதம் இதுதான். எந்த விநோதப் பட்டியலிலும் இது வராது.

7

இத்தோடு நிறுத்தி, 'பார்த்தீர்களா, எல்லாம் அதிகாரத்தின் சொல்லாடல்' என்று கையை உதறிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமில்லை. பீர் குடித்த கதை பொய் என்று நான் படித்ததும் அதே இணையக் களஞ்சியத்தில்தான். பிச்சோலிமைத் தூக்கியெறிந்தவரும் அதன் தொகுப்பாளர்களில் ஒருவர். அச்சுக் களஞ்சியம் தன் தவறை அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இங்கே ஒவ்வொரு அடித்தலும் திருத்தலும், யார் எப்போது செய்தார்கள் என்பதும், அதைப் பற்றிய சண்டையும் பின்கட்டில் பதிவாகி இருக்கின்றன. மனித வரலாற்றில் எந்தக் களஞ்சியமும் தன் சமையலறையை இப்படித் திறந்து வைத்ததில்லை. அங்கே போகாமல் முன்கூடத்தில் பரிமாறியதை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவருவது நம்முடைய பழக்கம்.

எனவே பிரச்சினை விநோதங்களை வாசிப்பதில் இல்லை. தாராளமாக வாசிக்கலாம், சிரிக்கலாம். சிரிப்பு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. விநோதமான பதிவைப் பார்த்து நாம் கேட்கிற 'நிஜமாவா?'வை, அதற்கடுத்த சாதாரணமான பதிவிடமும் கேட்க முடியுமா? குடிகார ஐரிஷ்காரன், சண்டைக்கார மராத்தியன், புகழில்லாத பெண் விஞ்ஞானி, இவர்களையெல்லாம் பார்த்து 'இதில் என்ன ஆச்சரியம்' என்று தோன்றுகிற அந்தக் கணத்தில்தான் சோதனை தேவைப்படுகிறது. தீதரோவின் பார்வைக்குறிப்புகள் வாசகரை அந்த இடத்துக்குத்தான் தள்ளின. இன்றைய இணைப்புகள் அந்த வேலையைச் செய்யாது. அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அந்த நிலவறையில் இருந்தவர்கள் ஒரு குழந்தையின் சாவுக்கு வந்தவர்கள். பீர் வெள்ளம் என்றதும் சிரிப்பு வந்தால் வரட்டும். சிரித்து முடித்த பிறகு, அந்தக் குழந்தைக்கு வயது இரண்டு என்பதையும் ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.